கணினிப் பெட்டிக்குப் புதுச் சாயம்: எங்கே பூசலாம், எங்கே பூசக்கூடாது?

மாணவர்களே, உங்கள் வீட்டில் மேசைக் கணினி இருந்தால் அதை ஒருமுறை எட்டிப் பாருங்கள். திரையை அல்ல; மேசைக்கு அடியிலோ பக்கத்திலோ தூசி படிந்து நிற்கும் பெட்டியைப் பாருங்கள். செயலி, நினைவகம், வரைகலை அட்டை என்று கணினியின் உள்ளுறுப்புகளைப் பற்றி நிறையப் பேசுகிறோம். பெட்டியைப் பற்றிப் பேசுவதில்லை. அது வெறும் கூடுதானே என்று விட்டுவிடுகிறோம்.

என் அக்காள் மகனும் அப்படித்தான் நினைத்தான். கிள்ளானில் படிவம் 4 படிக்கிறான். சேர்த்து வைத்த பணத்தில் பழைய கணினி ஒன்றை வாங்கினான். உள்ளே எல்லாம் சரியாக இருந்தது. பெட்டிதான் வெளிறிப்போய், கீறல் விழுந்து, பார்க்கச் சகிக்கவில்லை. பள்ளி விடுமுறையில் ஸ்பிரே சாயம் வாங்கி, பெட்டி முழுவதற்கும் பளபளப்பில்லாத கறுப்பு அடித்தான். முகப்பிலுள்ள வலைத் தகட்டுக்குச் சிவப்பு. இடப்பக்கத் தகட்டில் அவனுடைய தங்கை இரண்டு நாள் உட்கார்ந்து ஓர் இருவாய்ச்சிப் பறவையை வரைந்தாள். மஞ்சளும் சிவப்பும் கலந்த கொம்பு, விரித்த சிறகு. உண்மையிலேயே அழகாக இருந்தது.

மூன்றாம் நாள் அவனிடமிருந்து அழைப்பு வந்தது.

“மாமா, கேம் விளையாடினா இருபது நிமிஷத்துல விசிறி ஓன்னு கத்துது. அப்புறம் தானா அணைஞ்சு போயிடுது. கறுப்பு நிறம் வெப்பத்தை இழுக்கும்னு படிச்சிருக்கோமே, அதனாலயா? வெள்ளை அடிக்கணுமா? அப்படின்னா தங்கச்சியோட பறவை போயிடும். அவ அழுவா.”

சனிக்கிழமை கிள்ளானுக்குப் போனேன். அன்று அந்தப் பெட்டியிடமிருந்து நாங்கள் மூவரும் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குற்றவாளி கறுப்பு நிறமா?

முதலில் அவன் சந்தேகத்தையே எடுத்துக்கொள்வோம். வெயிலில் கறுப்புச் சட்டை அதிகமாகச் சுடும். உண்மைதான். சூரிய ஒளியில் கணிசமான பகுதி கண்ணுக்குத் தெரியும் ஒளி. கறுப்பு அதை விழுங்குகிறது. வெள்ளை திருப்பி அனுப்புகிறது. ஆனால் அவனுடைய கணினி வெயிலில் இல்லை, அறைக்குள் இருக்கிறது. அதற்கு வெப்பம் வெளியிலிருந்து வரவில்லை. உள்ளே பிறந்து வெளியே போகப் பார்க்கிறது.

சுமார் 40 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஒரு தகடு வெப்பத்தைக் கதிராக வீசும்போது, அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகவே வெளியேறுகிறது. அதன் அலைநீளம் 9 மைக்ரோமீட்டரை ஒட்டியிருக்கும். நம் கண் காணும் ஒளியின் அலைநீளமோ ஏறக்குறைய 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர் வரைதான். 9 மைக்ரோமீட்டர் கதிரைப் பொறுத்தவரை கறுப்புச் சாயம், வெள்ளைச் சாயம், சிவப்புச் சாயம் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். எல்லாமே நன்றாகக் கதிர்வீசும். பளபளக்கும் வெற்று உலோகம்தான் மிகக் குறைவாக வீசும். ஆக, சாயம் பூசிய தகடு வெற்றுத் தகட்டைவிடச் சற்று எளிதாகவே வெப்பத்தை வெளியேற்றும்.

“சாயம் போர்வை மாதிரி வெப்பத்தை உள்ளே அடைக்காதா மாமா?” என்று அடுத்த கேள்வி வந்தது. நல்ல கேள்வி. சாயம் எளிதில் வெப்பம் கடத்தாத பொருள்தான். ஆனால் பூச்சின் தடிமன் 0.1 மில்லிமீட்டர் அளவே. தகட்டை ஒட்டி நிற்கும் அசையாக் காற்று வெப்பத்துக்குத் தரும் தடையோடு ஒப்பிட்டால், இந்தச் சாயப் படலம் தரும் தடை ஏறக்குறைய 200-இல் ஒரு பங்குதான். இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று.

எனவே நிறம் குற்றவாளி அல்ல. தங்கையின் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

பெட்டி எப்படி மூச்சு விடுகிறது?

வெப்பம் தகடு வழியாக வெளியேறுவது மிகக் குறைவு. பெரும்பகுதியைக் காற்றுதான் சுமந்து போகிறது. எவ்வளவு காற்று வேண்டும் என்பதை நீங்களே கணக்கிடலாம்.

விளையாடும்போது ஒரு கணினி 300 வாட் மின்சாரம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது வினாடிக்கு 300 ஜூல். அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறும். ஒரு கிராம் காற்றை 1 டிகிரி சூடாக்க ஏறக்குறைய 1 ஜூல் போதும். உள்ளே நுழையும் காற்று 10 டிகிரி கூடுதல் சூட்டோடு வெளியேறுவதாகக் கொண்டால், ஒவ்வொரு கிராமும் 10 ஜூலைத் தூக்கிச் செல்லும். 300 ஜூலுக்கு 30 கிராம் காற்று வேண்டும். ஒரு லிட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிராம். ஆக, வினாடிக்கு 25 லிட்டர் காற்று!

நடுத்தரப் பெட்டி ஒன்றின் உயரமும் ஆழமும் 45 சென்டிமீட்டர், அகலம் 20 சென்டிமீட்டர் என்றால் அதன் கொள்ளளவு சுமார் 40 லிட்டர். அப்படியானால் பெட்டிக்குள் இருக்கும் காற்று முழுவதும் இரண்டு வினாடிக்குள் மாற வேண்டும். நீங்கள் மூச்சு விடுவதைவிட வேகமாக உங்கள் கணினி மூச்சு விடுகிறது.

இப்போது பெட்டியின் வெளிப்புறத்தை மீண்டும் பாருங்கள். முகப்பில் வலைத் தகடு இருப்பது அழகுக்காக மட்டுமல்ல. குளிர்ந்த காற்று நுழையும் மூக்கு அது. பின்புறமும் மேற்புறமும் இருக்கும் துளைகள் சூடான காற்று வெளியேறும் வாசல்கள். சூடான காற்று இயல்பாகவே மேலே எழுவதால் வெளியேற்றும் விசிறிகளை உயரத்தில் வைக்கிறார்கள். பெட்டிக்கு அடியில் நான்கு கால்கள் இருப்பதும் காரணத்தோடுதான். பல பெட்டிகளில் மின்வழங்கி அடியில் அமர்ந்து, கீழிருந்தே காற்றை இழுக்கிறது. கால் இல்லாவிட்டால் அதன் மூக்கு தரையில் அடைபட்டுவிடும். கம்பள விரிப்பின் மீது கணினியை வைக்க வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான்.

சிவப்பு வலையில் கிடைத்த தடயம்

அக்காள் மகன் அடித்த சிவப்பு வலைத் தகட்டைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். மூவருக்கும் உடனே விளங்கிவிட்டது. பாதிக்கு மேற்பட்ட துளைகளில் வெளிச்சமே வரவில்லை. நிறம் நன்றாகப் பிடிக்க வேண்டும் என்று ஒரே மூச்சில் தடிமனாக அடித்திருக்கிறான். சவர்க்கார நீரில் வளையத்தை முக்கி எடுத்தால் நடுவே ஒரு படலம் நிற்குமே, அதுபோல ஈரச் சாயம் துளைகளின் குறுக்கே படலமாக நின்று, அப்படியே காய்ந்துவிட்டது. இரண்டுக்கும் காரணம் பரப்பு இழுவிசைதான்.

அடைபடாத துளைகளிலும் இழப்பு உண்டு. 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளையின் உள்விளிம்பில் சுற்றிலும் 0.1 மில்லிமீட்டர் சாயம் படிந்தால் விட்டம் 1.8 மில்லிமீட்டராகக் குறையும். பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.8-ஐ 2-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 0.81 வரும். பார்வைக்குத் துளை திறந்தே இருக்கிறது. ஆனால் வாசலில் 19 விழுக்காடு போய்விட்டது.

தகடு இல்லாமலே கணினியை இயக்கி, அதே விளையாட்டை ஓடவிட்டோம். ஒரு மணி நேரம் ஆகியும் அணையவில்லை. விசிறியின் கத்தலும் அடங்கிவிட்டது. இக்காலச் செயலிகள் பல, 90 முதல் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதையும் மீறிச் சூடேறினால் கணினி அணைந்துவிடும். அவனுடைய கணினி பழுதாகவில்லை. மூச்சுத் திணறித் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது, அவ்வளவுதான்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வேலை

பெட்டியைத் திறந்தபோது வேறொன்றும் கண்ணில் பட்டது. மின்வழங்கியைத் திருகாணி போட்டு இறுக்கும் பின்புறத் தகட்டிலும், பக்கத் தகடுகள் சட்டத்தோடு பொருந்தும் விளிம்புகளிலும் கறுப்புச் சாயம் நன்றாகப் படிந்திருந்தது. இது அழகுப் பிழையல்ல, பாதுகாப்புப் பிழை.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மூன்று ஊசிப் பிளக்கில் மேலே இருக்கும் நீளமான ஊசி, எர்த் எனப்படும் புவி இணைப்புக்கானது. அந்த இணைப்பு மின்வழங்கியின் உலோகக் கூட்டுக்கு வந்து, அங்கிருந்து பெட்டியின் சட்டத்துக்கும் செல்கிறது. ஏதோ கோளாறால் மின்கம்பி ஒன்று பெட்டியைத் தொட்டுவிட்டால், மின்சாரம் நம் உடல் வழியாகப் பாயாமல் புவி இணைப்பு வழியாகப் பாய்ந்து, உருகி அல்லது பாதுகாப்பு விசை செயல்பட்டு மின்சாரத்தைத் துண்டிக்கும். இதற்கு உலோகமும் உலோகமும் நேரடியாகத் தொட வேண்டும். சாயமோ மின்கடத்தாப் பொருள். திருகாணியின் மரை சாயத்தைச் சுரண்டிக்கொண்டு உலோகத்தைத் தொடக்கூடும். ஆனால் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் ‘கூடும்’ போதாது. உப்புத்தாளால் தேய்த்து, வெற்று உலோகம் தெரியும்வரை அந்த இடங்களைச் சுத்தம் செய்தோம்.

பெட்டி மின்காந்த அலைகளுக்கும் வேலியாக நிற்கிறது. மூடிய உலோகக் கூண்டுக்குள் வெளி மின்புலம் நுழையாது என்பதை 1836-இல் மைக்கேல் ஃபாரடே செய்து காட்டினார். கணினிக்குள் வினாடிதோறும் கோடிக்கணக்கில் துடிக்கும் மின்சுற்றுகள் சிறு வானொலி நிலையங்களைப் போல அலைகளை வீசுகின்றன. உலோகப் பெட்டி அவற்றை உள்ளேயே அடக்கி, பக்கத்து வானொலியிலும் தொலைபேசியிலும் இரைச்சல் வராமல் பார்த்துக்கொள்கிறது.

‘அப்படியானால் வலைத் தகட்டின் துளைகள் வழியாக அலை தப்பாதா?’ என்று நீங்கள் கேட்கலாம். 3 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 10 சென்டிமீட்டர். 2 மில்லிமீட்டர் துளை அதில் 50-இல் ஒரு பங்கு. காற்று போகும், அலை போகாது. மைக்ரோவேவ் அடுப்புக் கதவில் புள்ளி புள்ளியாகத் தெரியும் வலையும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் நீண்ட இடுக்கு ஆபத்தானது. மெல்லியதாக இருந்தாலும், நீளம் அதிகமானால் அலை அதன் வழியே நழுவும். தகடுகள் பொருந்தும் விளிம்பில் சாயம் பூசினால் இரண்டு உலோகமும் தொடாமல் அங்கே ஒரு நீண்ட இடுக்கு உருவாகிறது. கண்ணுக்கு மூடியிருப்பது, அலைக்குத் திறந்திருக்கிறது.

மேல் தகட்டில் ஏன் வெண்படலம்?

பெட்டியின் மேல் தகட்டில் கறுப்புக்குள் பால் சிந்தியதுபோல ஒரு மங்கல் இருந்தது. “மழை வர்றதுக்கு முன்னாடி அவசரமா அடிச்சேன்” என்று அவனே ஒப்புக்கொண்டான். விடை அதிலேயே இருக்கிறது.

ஸ்பிரே சாயம் காயும்போது அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைத் தகட்டிலிருந்தே எடுத்துக்கொள்வதால் தகடு சட்டென்று குளிர்கிறது. நம் ஊரில் மழைக்கு முன் காற்றில் ஈரப்பதம் மிக அதிகம். ஐஸ் மைலோ குவளைக்கு வெளியே நீர் துளிர்க்கிறதல்லவா? அதேபோல் குளிர்ந்த ஈரச் சாயத்தின் மீதும் நுண்ணிய நீர்த்துளிகள் படிகின்றன. சாயம் இறுகும்போது அந்த ஈரம் படலத்தைக் கெடுக்கிறது; ஒளி அங்கே சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. விரைவாக உலரும் சாயங்களில் இந்தச் சிக்கல் அதிகம். வெயிலடித்து காற்று உலர்ந்திருக்கும் நேரத்தில், மேற்பரப்பை மென்மையாகத் தேய்த்து, மெல்லிய பூச்சாக மீண்டும் அடித்தால் சரியாகிவிடும்.

தொழிற்சாலையில் இந்தத் தொல்லையே இல்லாத வேறொரு முறையைக் கையாள்கிறார்கள். அங்கே கரைப்பான் கிடையாது. உலர்ந்த சாயத்தூளுக்கு நிலைமின்னூட்டம் கொடுத்து, புவி இணைப்புள்ள தகட்டின் மீது தூவுகிறார்கள். சீப்பு காகிதத் துண்டுகளை இழுப்பதுபோலத் தகடு தூளை இழுத்துக்கொள்கிறது. பிறகு ஏறக்குறைய 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அடுப்பில் வைக்கும்போது தூள் உருகி, ஒரே படலமாக இறுகுகிறது. கடையில் வாங்கும் பெட்டியின் சாயம் எளிதில் உரியாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

பழுப்பிலிருந்து நீலத்துக்கு

கணினிப் பெட்டிக்கு நிறம் கேட்கும் ஆசை புதிதல்ல. 1981-இல் ஐபிஎம் நிறுவனம் தன் தனிநபர் கணினியை வெளியிட்டபோது அது வெளிர் பழுப்பு நிறத்தில் இருந்தது. அலுவலக மேசையோடும் கோப்பு அலமாரியோடும் ஒத்துப்போகும் நிறம். பல ஆண்டுகளுக்கு மேசைக் கணினி என்றாலே அந்த நிறம்தான். 1998-இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐமேக், ஒளி ஊடுருவும் நீலக் கூட்டோடு வந்தது. சிட்னியின் போண்டை கடற்கரையின் பெயரை அந்த நீலத்துக்கு வைத்தார்கள். கணினியின் தோற்றமும் ஒருவர் அதை விரும்பி வாங்கக் காரணமாகலாம் என்பதைப் பலரும் அப்போதுதான் கண்டுகொண்டார்கள்.

இன்று பல பெட்டிகளின் பக்கத் தகடு கண்ணாடியாகவே இருக்கிறது. அது கடினமாக்கப்பட்ட கண்ணாடி. 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிர்விக்கும்போது அதன் மேற்பரப்பு அழுத்தப்பட்ட நிலையில் இறுகிவிடுகிறது. நடுப்பகுதியில் தட்டினால் தாங்கும். விளிம்பும் மூலையும்தான் பலவீனமான இடங்கள். அதனால் கழற்றிய கண்ணாடித் தகட்டை ஓடு பதித்த தரையில் நேராக நிறுத்தாதீர்கள். துணி விரித்துப் படுக்கையாக வையுங்கள்.

நீங்களும் பூச விரும்பினால்

பெரியவர் ஒருவரின் துணையோடு தொடங்குங்கள். மின் இணைப்பைத் துண்டித்து, உள்ளுறுப்புகள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். மின்வழங்கியை முழுதாகக் கழற்றி ஓரமாக வையுங்கள். அதன் கூட்டை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதனுள் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கலாம்.

தகட்டை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள். சாயம் பற்றிக்கொள்ள நுண்ணிய கீறல்கள் தேவை. விரல் ரேகை பட்ட இடத்தில் சாயம் ஒட்டாது. திருகாணித் துளைகள், தகடுகள் தொடும் விளிம்புகள், மின்வழங்கி அமரும் இடம் ஆகியவற்றை மாஸ்கிங் டேப்பால் மறைத்துவிடுங்கள்.

அடிப்பூச்சு, நிறப்பூச்சு, பாதுகாப்புக்கான தெளிபூச்சு என்று மூன்று நிலைகள். ஒவ்வொன்றையும் மெல்லிய அடுக்குகளாக, இடைவெளி விட்டு அடியுங்கள். தடிமனாக அடித்தால் மேற்பரப்பு முதலில் காய்ந்து, உள்ளிருக்கும் கரைப்பான் வெளியேற வழியின்றிச் சுருக்கம் விழும். அல்லது ஈர்ப்பு விசையால் சாயம் வழிந்துவிடும். வலைத் தகடாக இருந்தால் நேராக அடிக்காமல் சற்றுச் சாய்வாக, தூரத்திலிருந்து தூவுங்கள். காய்ந்த பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

ஸ்பிரே சாயம் எளிதில் தீப்பற்றும். அதன் ஆவி நுரையீரலுக்குக் கேடு. காற்றோட்டமுள்ள திறந்த வெளியில், தீயிலிருந்து விலகி, ஆவியைத் தடுக்கும் முகமூடி அணிந்துகொண்டு செய்யுங்கள். அடுக்குமாடி வீட்டு நடைபாதையில் வேண்டாம்.

இருவாய்ச்சி என்ன ஆயிற்று?

வலைத் தகட்டை அதன் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பிரித்து எடுத்தோம். பிளாஸ்டிக்கைக் கரைப்பான் கரைத்துவிடும் என்பதால் அப்படி. கையுறை போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே தின்னரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் துளை துளையாகச் சுத்தம் செய்தோம். மறுநாள் காலை நல்ல வெயில். மூன்று மெல்லிய அடுக்குகளாகச் சிவப்பு அடித்தான். இம்முறை வெளிச்சத்தில் பிடித்தபோது எல்லாத் துளைகளும் தெரிந்தன.

இருவாய்ச்சி இருந்த தகட்டை நாங்கள் தொடவே இல்லை. அது துளையில்லாத தட்டைத் தகடு. காற்று நுழையும் வழியும் அல்ல. அதன் உள் விளிம்பை மட்டும் உலோகம் தெரியத் தேய்த்தோம். அந்தத் தகட்டில் எத்தனை நிறம் வேண்டுமானாலும் பூசலாம், எந்தப் பறவையை வேண்டுமானாலும் வரையலாம்.

“அப்ப வலப்பக்கத் தகடும் சும்மாதான மாமா இருக்கு?” என்றாள் தங்கை. கையில் தூரிகையோடுதான் கேட்டாள்.